மூன்றாவது மணி

"எங்க அம்மாவே மூணாவது மணியில போனை எடுக்க மாட்டாங்க, அமலி. உங்க நாட்டுல மட்டும் எப்படி அத்தனை பேரும் எடுக்கறாங்க?"

கேட்டுவிட்டு ஃபெம்கே ஈரக்குடையை மூலையில் சாய்த்து வைத்தாள். ராட்டர்டாம் துறைமுகத்தைப் பார்த்த ஆறாவது மாடி அலுவலகம். வியாழக்கிழமை காலை பதினோரு மணிதான். ஆனாலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது, அப்படி ஒரு மழை.

"எங்க ஆளுங்களுக்குப் பேச ஆசை," என்றாள் அமலி. "கேட்டதையும் பேசுவாங்க, கேக்காததையும் பேசுவாங்க. காபி?"

"வேண்டாம். இன்னிக்கு நான் விருந்தாளி இல்ல."

அமலி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது வருஷப் பழக்கத்தில் ஃபெம்கே காபியை மறுத்ததே கிடையாது. பெரிய பத்திரிகையில் பொருளாதாரப் பக்கம் எழுதுகிறவள். அறுபது வயசு. காபிக்காகவே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து, மூன்று கோப்பை குடித்துவிட்டு, நாலாவது கோப்பையில் கேள்வி கேட்கிற ரகம்.

அமலோற்பவம் என்ற முழுப்பெயர் இந்த ஊரில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் அமலி. ஐம்பத்து நாலு வயசு, கல்யாணம் ஆகவில்லை. ஏழ்துறை என்ற சின்னக் கடற்கரை நாட்டின் முதலீட்டு வாரியத்துக்கு ஐரோப்பாவில் இருந்த ஒரே ஊடக அதிகாரி. அவளுடைய வேலை, வெளிநாட்டுப் பத்திரிகைகளில் தன் நாட்டைப் பற்றி நல்லபடியாக எழுத வைப்பது. நாலு நல்ல வார்த்தை வந்தால் முதலீடு வரும், முதலீடு வந்தால் ஆலை வரும், ஆலை வந்தால் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கும். இதை அவள் நம்பித்தான் செய்தாள். அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

விளம்பரம் கொடுத்தால் யாரும் நம்புவதில்லை. மந்திரி பேட்டி கொடுத்தால் அதைவிட நம்புவதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அமலிதான் சொன்னாள்: "மந்திரியை விடுங்க. எங்க நாட்டுல எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போன் போட்டுப் பேசிக்கோங்கன்னு சொல்லிருவோம்."

'எந்தக் கதவையும் தட்டலாம்' என்று பெயர் வைத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஒளிக்க ஒன்றுமில்லாத நாடு என்று எழுதினார்கள். ஆனால் முதல் மாதமே சிக்கல் வந்தது. யாரும் போனை எடுக்கவில்லை; எடுத்தவர்களும் மொழி புரியாமல் வைத்துவிட்டார்கள். அப்போது வந்ததுதான் குரல்நிழல். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு மாதம் உங்கள் தொலைபேசிப் பேச்சை இயந்திரம் கேட்டுக்கொள்ளும். அப்புறம் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்து நீங்கள் எடுக்காவிட்டால், உங்கள் குரலில், உங்கள் இழுவையோடு, கூப்பிடுகிறவர் மொழியிலேயே அது பேசும். வெளியே அதற்குச் சொன்ன பெயர் மொழிபெயர்ப்பு வசதி.

"நான் உங்க கழிமுனைக்குப் போயிட்டு வந்தேன்," என்றாள் ஃபெம்கே. "உங்ககிட்டகூடச் சொல்லாம. போன வாரம்."

அமலியின் சொந்த ஊர் கழிமுனை. பேட்டரிக்கு வேண்டிய உலோகத்தை உப்புநீரிலிருந்து பிரித்தெடுக்கிற ஆலை அங்கேதான் வந்தது. அமலி கொண்டுவந்த ஆலை. இப்போது அதன் இரண்டாம் பகுதிக்கு ஐரோப்பிய நிதி நிறுவனங்கள் கையெழுத்துப் போடக் காத்திருந்தன.

"சொல்லியிருந்தா கார் ஏற்பாடு பண்ணியிருப்பேனே."

"அதனாலதான் சொல்லல." ஃபெம்கே ஒரு தாளை மேஜையில் வைத்தாள். "கிளம்பறதுக்கு முன்னாடி இங்கிருந்து நாப்பது வீட்டுக்குப் பேசினேன். நாப்பது பேரும் மூணாவது மணியில எடுத்தாங்க. நல்லா இருக்கோம்னாங்க. ஒருத்தங்க பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கேன்னாங்க, பின்னால தண்ணி ஓடற சத்தம்கூடக் கேட்டுச்சு. அப்புறம் அந்த நாப்பது வாசல்லயும் போய் நின்னேன். பூட்டு, அமலி. நாப்பதும் பூட்டு. தெருவுல நாய்கூட இல்ல. பாத்திரம் கழுவின வீட்டு வாசல்ல நின்னே மறுபடி போன் போட்டேன். உள்ள மணி அடிக்கல. என் காதுல மட்டும் மூணாவது மணியில எடுத்து, 'நல்லா இருக்கோம்மா, மீன் குழம்பு வச்சிருக்கேன்'னு சொன்னாங்க. பூட்டுல சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு."

மழை கண்ணாடியில் வழிந்தது. அமலி காபிக் கெண்டியின் மூடியைத் திறந்து மூடினாள்.

"மூணு மணி என் யோசனை," என்றாள் கடைசியில். "உடனே எடுத்தா கடைக்காரன் மாதிரி இருக்கும். அஞ்சு அடிச்சா ஒளிஞ்சிருக்கான்னு தோணும்."

"அப்ப இது உங்களுக்குத் தெரியும்."

"நிழல் பேசும்னு தெரியும். ஆள் வீட்டுல இல்லாத நேரத்துக்கு. ஆளே இல்லாத வீட்டுக்கு இல்ல."

"நிழல் பொய் சொல்லலாமா?"

"பொய் சொல்லாது. கெட்ட சேதியை மட்டும் சொல்லாது. அவங்க ஒரு காலத்துல பேசினதை, நல்லதா இருந்தா, திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! யார் போட்ட விதி அது?"

"நான்தான்."

ஃபெம்கே எழுதுகிற பேனாவைக் கீழே வைத்தாள். அது மரியாதையா, சலிப்பா என்று அமலிக்குப் புரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"நான் தலைநகர்ல விடுதியில தங்கிப் படிச்சேன். கடைசி வருஷப் பரீட்சை. செவ்வாய்க்கிழமை எங்க அப்பா இறந்துட்டார். புதன்கிழமை ஊர்லருந்து போன். 'எல்லாரும் சுகம், நல்லா எழுது, முடிச்சதும் ஒரு எட்டு வந்துட்டுப் போ'ன்னாங்க. சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினா, சித்தப்பா நிக்கறார். பையை வாங்கிக்கிட்டுத்தான் சொன்னார். அடக்கமெல்லாம் முடிஞ்சு போச்சு. எங்க பக்கத்துல தூரத்துல இருக்கறவங்ககிட்ட கெட்ட சேதி சொல்ல மாட்டோம், ஃபெம்கே. அங்க தனியா உக்காந்து என்ன பண்ணுவாங்க? வரச் சொல்லுவோம். வந்தப்புறம் சொல்லுவோம்."

"அதை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

"கெட்டதைக் கேட்டா என்ன பண்ணன்னு பொறியாளர்கள் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச நாகரிகம் இதுதான். தூரத்துல இருக்கறவங்களை வருத்தாதே, வரச் சொல்லு. வர்றவங்ககிட்ட மறைக்காதே. நீங்க வாசல்ல நிக்கறதா அதுகிட்டச் சொல்லியிருந்தா உண்மையைச் சொல்லியிருக்கும்."

"வர்றேன்னு இதுவரைக்கும் ஒரு முதலீட்டாளராவது சொன்னதுண்டா?" ஃபெம்கே எழுந்தாள். "அவங்க பணம்தான் வரும், அமலி. அவங்க வர மாட்டாங்க."

"கழிமுனை அப்படி இருக்க முடியாது. ஞாயித்துக்கிழமைதான் எங்க அக்காகூடப் பேசினேன். அங்கதான் இருக்கா."

ஃபெம்கேயின் கை குடையிலேயே நின்றது. ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"எத்தனாவது மணியில எடுத்தாங்க?"

அமலி காபிக் கெண்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"நாலு மணிக்குப் போன் பண்றேன். நாளைக்குக் கட்டுரை வருது. உங்க வாரியம் மறுத்தா மறுப்பையும் போட்டுத்தான் ஆகணும், அப்ப என் வார்த்தை, உங்க வார்த்தை, அவ்வளவுதான். நிதி நிறுவனங்க உங்க வார்த்தையைத்தான் நம்பும், அவங்களுக்கு அதுதான் வசதி." கதவருகே போய்த் திரும்பினாள். "ஒரு உதவி. நீங்களே எடுங்க. போன மாசம் நான் கூப்பிட்டப்போ என் முழங்கால் வலியை ரொம்ப அன்பா விசாரிச்சீங்க. அது நீங்க இல்லைன்னு இப்பத் தோணுது."

அது அமலி இல்லைதான். ஒரே நேரத்தில் முப்பது பேர் கூப்பிட்டால் ஒருத்தி எப்படிப் பேசுவாள்? அவளுடைய எண்ணுக்கும் நிழல் உண்டு.

ஃபெம்கே போனதும் அமலி அந்தத் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தாள். நாற்பது முகவரி. பள்ளிக்கூடத் தெரு பதினேழாம் எண் அதில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு வாரியத்தின் இயக்குநர் ஞானதுரை திரையில் வந்தார். அவருக்குச் சேதி ஏற்கெனவே போயிருந்தது.

"மேடம், ஒரே ஒரு வரி போதும். 'செய்தியாளர் பார்த்தது விடுமுறைக் காலத்தில் சில வீடுகள்.' உங்க பேர்ல போகட்டும். உங்க பேருக்கு அங்க ஒரு மதிப்பு இருக்கு."

"சார், கழிமுனையில ஆள் இருக்காங்களா இல்லையா?"

"வேற இடத்துக்கு மாத்தி வச்சிருக்கோம். எல்லாம் முறைப்படி."

"எங்க அக்கா, செசிலி. பள்ளிக்கூடத் தெரு."

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி.

"மேடம், இந்த மறுப்பை மட்டும் அனுப்பிடுங்க. அனுப்பிட்டு..." குரல் இறங்கியது. "ஒரு எட்டு ஊருக்கு வந்துட்டுப் போங்க. லீவு நான் சாங்ஷன் பண்றேன்."

ஒன்பது வருஷத்தில் அவர் லீவு கொடுத்தது ஒரு முறை. பல் பிடுங்க, அரை நாள்.

திரை அணைந்தது. இந்த ஊரில் அவள் பேசுவதற்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம். மற்ற ஆறு நாளும் பேச்சுதான் தொழில். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் குளிர்பெட்டி உறுமுகிற சத்தம் மட்டும். திங்களன்று குளிர் தாங்காமல் ஒரு போர்வை வாங்கினால்கூட, அக்காவிடம் சொல்ல என்று எடுத்து வைத்துக்கொள்வாள்.

செசிலி அக்கா பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசில் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல். அன்பாக ஒரு வார்த்தை பேசினால் வாய் கோணிவிடும் என்பதுபோல் பேசுவாள். "அந்தக் குளிர்ல என்னத்தட்டி சம்பாதிக்க, சளியவா?" என்பாள். லீவில் வரட்டுமா என்று கேட்டால், "வராத, ரெண்டாம் நாளே சண்ட போடுவோம்," என்பாள். பேச்சு முடிந்தால் போய்வருகிறேன், வைக்கிறேன் எதுவும் கிடையாது. "டிஸ்மிஸ்!" என்று ஒரு அதட்டல், போன் வைத்துவிடும் சத்தம்.

டிஸ்மிஸ் எப்போது நின்றது?

அமலி நெற்றியைத் தேய்த்தாள். போன வாரம் இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. ஈஸ்டருக்கு இல்லை. கிறிஸ்மசுக்கு? "சாப்ட்டியாம்மா? குளிருக்கு நல்லாப் போத்திக்க. ஒரு எட்டு வந்துட்டுப் போ." எத்தனை மாதமாக இந்தக் கடைசி வாக்கியம்! வயசாக வயசாக அக்கா கனிந்துவிட்டாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். நிழல் வாரா வாரம் அவள் வீட்டுச் சேதியை அவள் வீட்டு முறைப்படியே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள்தான், "பார்க்கலாம்க்கா, இப்ப வேலை" என்றிருக்கிறாள்.

மூன்றரைக்குப் போனைக் கையில் எடுத்தாள். கையை இரண்டு முறை பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மணி. இரண்டு. மூன்று.

"அமலியா? என்னம்மா, வியாழக்கிழமையில கூப்பிடுத?"

அக்கா குரல். அச்சு அசல். அப்படியே வைத்துவிடலாமா என்று இருந்தது. ஞானதுரை கேட்ட ஒரு வரியை அனுப்பிவிட்டால் இந்தக் குரல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இருக்கும். அவளுக்கு எழுபது வயசானாலும் சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இருக்கும். கட்டுரை வந்தால் அன்றைக்கே எல்லா நிழலையும் அணைத்துவிடுவார்கள்.

"எப்படிக்கா இருக்க?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன். நீ சாப்ட்டியா?"

"ஊர்ல தண்ணி எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நல்லா இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அமலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாரேன்க்கா," என்றாள். "கிளம்பிட்டேன். டிக்கெட் போட்டாச்சு. வந்துக்கிட்டே இருக்கேன்."

மறுமுனையில் ஒரு சின்ன இடைவெளி. ஏதோ மாறியது, காற்றுச் சத்தம் வேறு மாதிரி ஆனது. பின்னால் மின்விசிறி ஒன்று கடகடவென்று ஓடியது. யாரோ இருமினார்கள். இயந்திரம் இருமாது, இருமலை வடித்துவிட வேண்டும் என்பதும் அவள் எழுதியதுதான்.

"ஏட்டி அமலி." கரகரத்த குரல், பாதியாக வற்றிப்போயிருந்தது, ஆனாலும் அதட்டல். "கெளம்பிட்டியாக்கும்? இப்பதான் வழி தெரிஞ்சுதோ? இந்த நெழல் ஃபாரத்துல கடைசிக் கட்டம் ஒண்ணு இருக்குன்னு கையெழுத்து வாங்க வந்த புள்ள சொல்லுச்சு. வாரவங்களுக்கு எதாவது சொல்லணும்னா உங்க வாயால சொல்லி வைங்கன்னு. எல்லாரும் சாவி எங்க இருக்குன்னு சொல்லுதாங்களாம். நான் சாவியச் சொல்லல. நீ வாரப்ப கதவு இருக்குமோ என்னவோ."

இருமல். தண்ணீர் குடிக்கிற சத்தம்.

"தண்ணி கெட்டுப் போச்சுட்டி. ஆலைக்காரன் கீழ இருந்து உறிஞ்ச உறிஞ்ச மேல கைச்சுப் போச்சு. தெருவுல பாதிப் பேரு போயாச்சு. மீதிப் பேரையும் லாரியில ஏத்துதாங்க. எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. டாக்டர் மாசக் கணக்கு சொல்லல, வாரக் கணக்கு சொல்லுதாரு. ஒங்கிட்ட சொல்லணும்னு மூணு தடவ போன் போட்டேன். மூணு தடவையும் எடுத்த. 'நல்லா இருக்கேன்க்கா, நீ ஒடம்பப் பாத்துக்கோ, மீட்டிங்ல இருக்கேன்'னு தேனா ஒழுகுன. நான் வச்சிட்டேன். எனக்குத் தெரியாதா, அது நீ இல்லன்னு? நீ என்னைக்கிட்டி எங்கிட்ட அப்படிப் பேசியிருக்க?"

அமலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல. ஒன் நெழலும் என் நெழலும் நல்லாத்தான் பேசிக்கிடுவாக, பேசிக்கிடட்டும். சண்ட சச்சரவு இல்லாம. நீ மெதுவா வா. அவசரம் ஒண்ணுமில்ல இனிமே. பஸ் ஸ்டாண்டுல பைய வாங்க ஆள் இருக்காது, சாமான் கொறச்சு எடுத்துட்டு வா. பெரிய கோயில் கல்லறையில அப்பா பக்கத்துல எடம் சொல்லி வச்சிருக்கேன். வேற என்ன? அழாத, மூக்கு வீங்கிரும், அந்தக் குளிர்ல ஒனக்கு ஆகாது."

மின்விசிறி கடகடத்தது.

"டிஸ்மிஸ்!"

அதன்பின் ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு காற்று தெளிந்தது, மின்விசிறி மறைந்தது. இருமலே அறியாத பழைய இனிய குரல், ஒன்றும் நடக்காததுபோல் கேட்டது:

"வேற என்னம்மா? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா," என்றாள் அமலி.

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

"நல்லாப் போத்திக்க."

"சரிக்கா."

அதுவாக வைக்காது, கூப்பிட்டவர்தான் வைக்க வேண்டும். அமலி கட்டைவிரலைச் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்முனை அமைதியாக, பொறுமையாகக் காத்திருந்தது. "டிஸ்மிஸ்," என்று முணுமுணுத்துவிட்டு அழுத்தினாள்.

குப்புறக் கிடந்த தாளைத் திருப்பினாள். இருபத்து மூன்றாவது வரி. பள்ளிக்கூடத் தெரு, பதினேழு. பக்கத்தில் ஃபெம்கேயின் கிறுக்கலில், போனில் வந்த பதிலின் குறிப்பு: 'நல்லா இருக்கேன். மிக அன்பான பெண்மணி.'

அதைப் பார்த்து அமலிக்குச் சிரிப்பு வந்தது. அன்பான பெண்மணியாம், செசிலி டீச்சர்! அக்கா கேட்டிருந்தால் விசிலை எடுத்து ஊதியிருப்பாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகி, மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

ஞானதுரைக்கு அனுப்ப வேண்டிய மறுப்பு திரையில் தயாராக இருந்தது. கீழே அவள் பெயர்கூடப் போட்டிருந்தார்கள். அவள் அதை அழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி, பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மழையில் அப்படியே நின்றிருந்தது.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

ஒரு மணி.

மூன்றாவது மணியில் அவளுடைய நிழல் எடுத்துவிடும். முழங்கால் வலியை விசாரிக்கும். வாரியத்தின் மறுப்பை அவளைவிடத் தெளிவாக, அவளைவிட நயமாகச் சொல்லும். கடைசியில், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க என்று அழைக்கும்.

இரண்டாவது மணி பாதி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள்.

"அமலி?" என்றது ஃபெம்கேயின் குரல், நம்பாமல். "அமலிதானா?"

"நான்தான்." தொண்டை கரகரத்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எழுதிக்கோங்க, ஃபெம்கே. என் பேரைப் போட்டே எழுதுங்க. நாங்க நல்லா இல்ல."